எச்-அட்லஸ் பொதுத் தரவுத் தொகுப்பு: முன்னால் நிற்கும் கேலக்ஸியையும் பின்னால் ஒளிரும் தூசையும் பிரித்தறிய எவ்வளவு உதவுகிறது?

ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு நடத்தப்பட்ட எச்-அட்லஸ் என்னும் அகன்ற பரப்பு வானக் கணக்கெடுப்பின் முதல் பெரிய பொது வெளியீடு 2016ஆம் ஆண்டில் வந்தது. எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளக்கூடிய இந்த வரைபடங்களையும் பட்டியல்களையும் நான் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் பயன்படுத்தினேன். வானில் நமக்கு அருகில், அதாவது ஒப்பீட்டளவில் முன்னணியில், உள்ள கேலக்ஸிகளைச் சுற்றி மிகத் தொலைவிலுள்ள சப்மில்லிமீட்டர் (ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலைநீளமுள்ள) ஒளிமூலங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தென்படுகின்றனவா, அப்படித் தென்பட்டால் அந்தக் கூடுதலை எவ்வளவு நம்பலாம் என்பதே அந்தக் கேள்வி. எனவே இம்மதிப்புரையை அந்த ஒரு பயன்பாட்டின் கோணத்திலிருந்து எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடங்களும் ஒளிமூலப் பட்டியலும் மிகச் சிறப்பானவை. ஒவ்வொரு மூலத்துக்கும் கண்ணுறு ஒளியில் இணையான கேலக்ஸி எது என்று சொல்லும் ஒளியியல் அடையாள அட்டவணை பெரும்பாலான வரிகளுக்கு நேர்த்தியானது. ஆனால் இந்தக் கேள்விக்கு எந்த வரிகள் மிகவும் தேவையோ, அந்த வரிகளில்தான் அது சொல்வதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொகுப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 மே 14 அன்று ஏவப்பட்ட ஹெர்ஷல், 3.5 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடன், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டாம் லக்ராஞ்சிப் புள்ளியைச் சுற்றி இயங்கியது. கருவிகளைக் குளிர்வித்த ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்துபோகும்வரை அது வானை அளந்தது. எச்-அட்லஸ் அதன் ஸ்பையர் கருவியின் 250, 350, 500 மைக்ரான் அலைநீளங்களிலும், பேக்ஸ் கருவியின் 100, 160 மைக்ரான் அலைநீளங்களிலும் ஏறத்தாழ 600 சதுர பாகைப் பரப்பை வருடி எடுத்தது. 2016 வெளியீடு வான நடுவரையை ஒட்டிய மூன்று புலங்களை உள்ளடக்கியது. 9, 12, 15 மணி வல ஏற்றத்தில் (வானின் தீர்க்கரேகை போன்ற அளவு) அமைந்த அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 161 சதுர பாகை, பட்டியலிலுள்ள ஒளிமூலங்கள் 1,20,000க்குச் சற்று மேல். வட, தென் கேலக்ஸி முனைகளைச் சார்ந்த பெரிய புலங்கள் பின்னர் இரண்டாம் வெளியீட்டில் வந்தன. நடுவரைப் புலங்களை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அதே பரப்பில் ஸ்லோன் கணக்கெடுப்பின் படங்களும், ஆஸ்திரேலியாவின் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் எடுக்கப்பட்ட காமா கணக்கெடுப்பின் நிறமாலைச் செம்பெயர்ச்சிகளும் (ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கும் அளவு, தொலைவின் அளவுகோல்) கிடைக்கின்றன. ஆகவே முன்னணிக் கேலக்ஸிகளின் தொலைவு ஊகமாக இல்லாமல் அளவீடாகவே நம் கைக்கு வருகிறது.

இந்த அலைநீளம் ஏன் இந்தக் கேள்விக்கு இவ்வளவு பொருத்தமானது என்பதைச் சொல்லாமல் தொகுப்பின் மதிப்பைச் சொல்ல இயலாது. தீவிரமாக விண்மீன்களைப் பிறப்பிக்கும் ஒரு கேலக்ஸியில் இளம் விண்மீன்களின் புறஊதா ஒளியைத் தூசு விழுங்கி, ஏறத்தாழ 100 மைக்ரானை ஒட்டி உச்சம் கொள்ளும் வெப்பக் கதிர்வீச்சாக உமிழ்கிறது. கேலக்ஸி தொலைவில் செல்லச் செல்ல, அந்த உச்சம் செம்பெயர்ச்சியால் நமது கருவியின் அலைநீளத்தை நோக்கி நகர்ந்து வருகிறது. அதனால் தொலைவு கூடுவதால் மங்க வேண்டிய ஒளியில் ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. 850 மைக்ரானில் இந்த ஈடு அநேகமாக முழுமையானது. ஒரே கேலக்ஸியைச் செம்பெயர்ச்சி 1இல் வைத்தாலும் 8இல் வைத்தாலும் அதன் ஒளிர்வு பெரிதாக மாறாது. ஹெர்ஷலின் குறுகிய அலைநீளங்களில் ஈடு அவ்வளவு நிறைவாக இல்லை என்றாலும், 350, 500 மைக்ரான் வரைபடங்களில் மிகத் தொலைவான கேலக்ஸிகள் ஏராளமாக இடம்பெறுவதற்கு அது போதும். மறுபக்கத்தில், ஈர்ப்பு வில்லையாக, அதாவது தமது நிறையால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெருக்கும் வில்லையாக, செயல்படத் தக்க நிறைமிக்க நீள்வட்டக் கேலக்ஸிகளில் தூசு மிகக் குறைவு. அவை கண்ணுறு ஒளியில் பளிச்சென்று தெரியும், சப்மில்லிமீட்டரில் அநேகமாக இருளாக இருக்கும். பின்னணி மூலமோ கண்ணுறு ஒளியில் மறைந்து, சப்மில்லிமீட்டரில் மட்டும் ஒளிரும். வில்லையும் அதன் பின்னாலுள்ள பொருளும் ஒன்றையொன்று மறைக்காமல் இரு வேறு பட்டியல்களில் தனித்தனியே பதிவாகின்ற இத்தகைய வசதி வேறு அலைநீளங்களில் எளிதில் வாய்ப்பதில்லை.

இனி, முன்னணிக் கேலக்ஸிகளைச் சுற்றிப் பின்னணி மூலங்கள் ஏன் கூடுதலாகத் தெரிய வேண்டும்? முன்னணி நிறை, அதிலும் பெரும்பங்கான கரும்பொருள், பின்னால் உள்ள வானத்தை ஒரு பூதக்கண்ணாடியைப் போல விரிக்கிறது. அந்த விரிவு இரண்டு எதிரெதிர் விளைவுகளைத் தருகிறது. ஒன்று, ஒரே எண்ணிக்கையிலான மூலங்கள் பெரிய பரப்பில் பரவுவதால் அடர்த்தி குறைகிறது. மற்றொன்று, நமது கண்டறிதல் எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்த மூலங்கள் பிரகாசமடைந்து எல்லையைத் தாண்டிப் பட்டியலுக்குள் நுழைகின்றன. எது வெல்லும் என்பதை மூலங்களின் எண்ணிக்கை ஒளிர்வோடு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒளிர்வு எல்லையை இரட்டிப்பாக்கினால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும் சரிவை எடுத்துக்கொள்வோம். சப்மில்லிமீட்டர் கேலக்ஸிகள் ஏறத்தாழ இந்த அளவுக்குச் செங்குத்தானவை. இங்கே 10 விழுக்காடு உருப்பெருக்கம் எண்ணிக்கையை 33 விழுக்காடு கூட்டுகிறது. பரப்பு விரிவு அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் 21 விழுக்காடு கூடுதல் எஞ்சுகிறது. ஒளிர்வெல்லை இரட்டிப்பானால் எண்ணிக்கை பாதியாகும் அளவுக்கே சரிவு இருந்தால், அதே உருப்பெருக்கம் எதையும் கூட்டாது. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு, ஏன் இத்துறையினர் ஹெர்ஷல் பட்டியல்களின்மேல் இவ்வளவு ஆவல் கொண்டார்கள் என்பது உடனே விளங்கிவிடும்.

ஹெர்ஷலுக்கு முன்னர் இக்கேள்வி எந்த நிலையில் இருந்தது என்பதும் இத்தொகுப்பின் மதிப்பை உணர்த்தும். ஹவாயிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியின் ஸ்கபா கருவி 1998இல் ஹபிள் ஆழ்புலத்தில் கண்டுபிடித்த மிகப் பிரகாசமான மூலம் எச்டிஎஃப் 850.1 எனப்படுகிறது. அதனருகே வானில் ஏறத்தாழ ஒட்டினாற்போல் செம்பெயர்ச்சி 1.2ஐ ஒட்டிய ஒரு நீள்வட்டக் கேலக்ஸி இருந்ததால், ஒளி யாருடையது என்னும் வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2012இல் மூலக்கூறு, கரிம அயனி நிறமாலைக் கோடுகள் கிடைத்த பிறகே அதன் செம்பெயர்ச்சி 5.183 என்பது உறுதியாயிற்று. முன்னால் நின்ற கேலக்ஸி அதன் ஒளியை ஓரளவு பெருக்கிக் காட்டியிருந்ததே தவிர, அந்த ஒளிக்கு உரிமையாளராக இருக்கவில்லை. ஒரே ஒரு மூலத்திற்கு 14 ஆண்டுகள் பிடித்தன என்றால், சில பத்து மூலங்களை மட்டும் கொண்ட அக்காலப் பட்டியல்களில் புள்ளியியல் முறையில் எதையும் நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் ஒரு குழு பிரகாசமான ஸ்கபா மூலங்களுக்கும் குறைந்த செம்பெயர்ச்சிக் கேலக்ஸிகளுக்கும் இடையே ஒட்டுறவு, அதாவது வானில் தற்செயலைவிடக் கூடுதலாக அருகருகே அமையும் போக்கு, இருப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் வடக்கு கூட்ஸ் என்னும் ஆழ்ந்த ஆய்வுப் புலத்தை ஆராய்ந்த வேறொரு குழு, உருப்பெருக்கத்தால் விளையும் ஒட்டுறவு எதுவும் புலப்படவில்லை என்றது. இரண்டையும் குறை சொல்ல முடியாது. பரப்பு போதவில்லை, அவ்வளவுதான்.

எச்-அட்லஸ் இந்த நிலையை மாற்றியது. முதலில் வெளியான சுமார் 14 சதுர பாகைச் சோதனைப் புலத்திலேயே, 500 மைக்ரானில் 100 மில்லிஜான்ஸ்கிக்கு (ஒளிர்வின் அலகு) மேல் ஒளிரும் மூலங்களிலிருந்து அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளையும் பிளேசாரையும் (கருந்துளையின் தாரை நம்மை நோக்கி வீசும் கேலக்ஸி) நீக்கினால் எஞ்சுபவை ஈர்ப்பு வில்லையால் பெருக்கப்பட்டவை என்பது 2010இல் ஐந்து மூலங்களைக் கொண்டு காட்டப்பட்டது. முழுப் பரப்பிலும் இதே எல்லையைப் பயன்படுத்தி 2017இல் வெளியிடப்பட்ட பட்டியலில், வில்லையால் பெருக்கப்பட்டவையாக இருக்கலாம் எனக் கருதத்தக்க 80 மூலங்கள் இருந்தன. அவற்றுள் அப்போது கிடைத்த சான்றுகள் 20ஐ உறுதிப்படுத்தின, ஒன்றை மட்டுமே நிராகரித்தன. வலுவான வில்லைகள் ஒருபுறம் இருக்க, மெல்லிய உருப்பெருக்கத்தால் விளையும் புள்ளியியல் கூடுதலை 2014இல் வெளியான ஆய்வு ஒன்று ஸ்லோன், காமா கேலக்ஸிகளோடு ஒப்பிட்டு 10 சிக்மாவுக்கும் (அளவீட்டுப் பிழையின் பத்து மடங்குக்கும்) மேற்பட்ட உறுதியுடன் அளந்தது. பத்தாண்டுகளுக்கு முன் உண்டா இல்லையா என்று வாதிடப்பட்ட குறிகை, இத்தொகுப்பின் வழியே பிரபஞ்சவியல் அளவுருக்களை மதிப்பிடும் கருவியாகவே மாறியிருக்கிறது.

வரைபடங்களின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. ஸ்பையரின் மூன்று அலைநீளங்களுக்கும் மூல வரைபடம், பின்னணி நீக்கப்பட்ட வரைபடம், இரைச்சல் வரைபடம் ஆகியவை கிடைக்கின்றன. நமது சொந்தப் பால்வழி மண்டலத்தின் தூசு மெல்லிய மேகங்களாக இந்த அலைநீளங்களில் ஒளிர்வதால் பின்னணி நீக்கம் மிக முக்கியமானது. அத்தூசு சப்மில்லிமீட்டரில் ஒளியைக் கூட்டும், கண்ணுறு ஒளியில் பின்னாலுள்ள கேலக்ஸிகளை மங்கச் செய்யும். அதனைக் கவனிக்காமல் விட்டால், பெரிய கோண அளவுகளில் இரு பட்டியல்களுக்கும் இடையே ஒரு பொய்யான எதிர் ஒட்டுறவு முளைத்துவிடும். எச்-அட்லஸ் குழு நெபுலைசர் என்னும் நிரலைக் கொண்டு இம்மேகங்களை அகற்றியிருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய தற்செயல் பட்டியலை நாமே உருவாக்கும்போது, இரைச்சல் வரைபடத்தை அப்படியே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்பது பெரிய வசதி. வருடல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் பட்டைகளில் இரைச்சல் குறைந்து மூலங்கள் கூடுதலாகப் பதிவாகின்றன. தற்செயல் புள்ளிகளைச் சீராகத் தூவினால் அந்தப் பட்டைகளே வானத்தின் அமைப்பு போலத் தோன்றிவிடும். பேக்ஸ் வரைபடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகமாக வருடப்பட்டதால் அவற்றின் ஆழம் குறைவு, இந்த வேலைக்கு அவை தேவைப்படவும் இல்லை.

அடையாள அட்டவணையில்தான் நான் நீண்ட நேரம் செலவிட்டேன், இம்மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அதுவே. 250 மைக்ரானில் ஸ்பையரின் கற்றை அகலம், அதாவது அது பிரித்தறியக்கூடிய கோண அளவு, சுமார் 18 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு). ஐந்து சிக்மா உறுதியுடன் காணப்படும் ஒரு மூலத்தின் இடத்தை இரண்டு வில்விநாடிக்குச் சற்றுக் கூடுதலான பிழையோடுதான் சொல்ல முடியும். அந்த இடத்தைச் சுற்றி 10 வில்விநாடி ஆரத்திற்குள் உள்ள ஸ்லோன் கேலக்ஸிகளில் எது உண்மையான இணை என்பதை, தூரம், ஒளிப்பொலிவு, அத்தகைய பொருள்கள் வானில் எவ்வளவு அரிது என்பவற்றைச் சேர்த்து ஒரு நிகழ்தகவு விகிதமாக அட்டவணை கணக்கிடுகிறது. நம்பகத்தன்மை 0.8 அல்லது அதற்கு மேல் உள்ளவை உறுதியான இணைகளாகக் கொள்ளப்படுகின்றன. சுமார் 45,000 மூலங்களுக்கு இவ்வாறு இணை கிடைத்திருக்கிறது. முறையில் பிழை இல்லை, செயலாக்கமும் மிக ஒழுங்கானது.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு முன்முடிவின்மேல் நிற்கிறது: ஒரு கேலக்ஸி மூலத்திற்கு மிக அருகில் தற்செயலாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு என்றால், அந்த கேலக்ஸியே அந்த மூலம். நாம் தேடும் விளைவோ, தற்செயலும் அல்லாத, அதே பொருளும் அல்லாத மூன்றாவது வகையான அண்மை. வில்லை பின்னணி மூலத்தின் அருகே இருப்பது, அது அங்கே இருப்பதனால்தான் அந்த மூலம் நமக்குத் தெரிகிறது என்பதால். தனிக் கேலக்ஸி வில்லை ஒன்று உருவாக்கும் வளையத்தின் ஆரம் பொதுவாக ஒரு வில்விநாடியை ஒட்டியது, அதாவது இடம் சொல்வதிலுள்ள பிழையைவிடச் சிறியது. எனவே நம்பகத்தன்மை 0.8க்கு மேல் என்ற சான்றிதழை வில்லைக் கேலக்ஸி மிக எளிதாகப் பெற்றுவிடுகிறது. 2010இல் அறிவிக்கப்பட்ட ஐந்தில் ஒன்றான எஸ்டிபி.81 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. முன்னணிக் கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 0.299, பின்னணி மூலத்தின் செம்பெயர்ச்சி 3.042. அல்மா தொலைநோக்கி வரிசை தனது நீண்ட அடித்தொலைவுச் சோதனையின்போது 2014இல் எடுத்த படத்தில்தான் அந்தப் பின்னணிக் கேலக்ஸி ஏறத்தாழ முழு வளையமாக விரிந்திருப்பதை அனைவரும் பார்த்தார்கள்.

இது ஒருசில பளிச்சிடும் வில்லைகளோடு நின்றுவிடும் சிக்கலும் அல்ல. எச்-அட்லஸ் குழுவினரே 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சப்மில்லிமீட்டரில் சிவப்பாகத் தோன்றும், அதாவது 250 மைக்ரானைவிட 350, 500 மைக்ரானில் ஒப்பீட்டளவில் அதிகம் ஒளிரும் மூலங்களுக்கும், அவற்றின் ஒளியியல் இணைகளுக்கும் இடையிலான இட விலகல் நீல மூலங்களுக்குரியதைவிடப் பரந்திருப்பதைக் காட்டினர். வெறும் அளவீட்டுப் பிழை என்றால் நிறத்தைப் பொறுத்து விலகல் மாறக் காரணமில்லை. சிவப்பு மூலங்கள் தொலைவானவை, அவற்றின் முன்னே இருக்கும் கேலக்ஸிகளும் அவற்றைச் சூழ்ந்த நிறைத்தொகுதிகளும் ஒளியைப் பெருக்குகின்றன, அக்கேலக்ஸிகளே இணைகளாகக் கணக்கில் ஏறுகின்றன என்பதே அவர்கள் தந்த விளக்கம். தமது பட்டியலின் பலவீனத்தைத் தாமே அளந்து வெளியிட்ட நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் பட்டியலை மட்டும் இறக்கிக்கொண்டு கட்டுரையைப் படிக்காமல் விடும் பயனருக்கு இந்த எச்சரிக்கை சென்று சேராது.

அத்தகைய பயனராக முதலில் நானே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னணி மாதிரியில் அருகிலுள்ள கேலக்ஸிகள் கலந்துவிடக் கூடாது என்ற மிகை எச்சரிக்கையில், குறைந்த செம்பெயர்ச்சியுள்ள உறுதியான இணை எவற்றுக்கெல்லாம் இருந்ததோ அவற்றையெல்லாம் நீக்கிவிட்டேன். குறிகை மிகவும் தளர்ந்தது. எதை அளக்க வந்தேனோ அதையே முதல் வேலையாகக் களைந்துவிட்டேன் என்பது பிறகே உறைத்தது. களையோடு சேர்த்து நெல்லையும் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், நான் நெல்லை மட்டும் தேர்ந்து பிடுங்கியிருக்கிறேன். அட்டவணையின் மேல் பழி இல்லை, அது கேட்டதற்குப் பதில் சொன்னது. பின்னணி மாதிரியைச் சப்மில்லிமீட்டர் நிறங்களைக் கொண்டு மட்டுமே தெரிவு செய்வதுதான் சரியான வழி.

அந்த வழியும் முள்ளில்லாதது அல்ல. 250, 350, 500 ஆகிய மூன்று புள்ளிகளை வைத்துத் தொலைவை மதிப்பிடும்போது, தூசின் வெப்பநிலையும் செம்பெயர்ச்சியும் ஒன்றுக்கொன்று வேடமிட்டுக்கொள்கின்றன. தொலைவிலுள்ள சூடான தூசும் அருகிலுள்ள குளிர்ந்த தூசும் ஒரே நிறத்தைக் காட்ட முடியும். அருகிலுள்ள குளிர்ந்த கேலக்ஸிகளில் ஒரு சிறு பங்கு பின்னணி மாதிரிக்குள் கசிந்தாலும், அவை முன்னணிக் கேலக்ஸிகளோடு உண்மையாகவே ஒரே இடத்தில் கூட்டமாக வாழ்பவை ஆதலால், உருப்பெருக்கத்தைப் போலவே தோன்றும் ஒட்டுறவைத் தரும். எனவே முன்னணிக்கும் பின்னணிக்கும் இடையே செம்பெயர்ச்சியில் தாராளமான வெற்றிடம் விடுவது அவசியம். முன்னணியை 0.6க்குக் கீழும் பின்னணியை 1.5க்கு மேலும் வைத்துக்கொண்டால், மூலங்கள் கணிசமாகக் குறையும், நிம்மதி கணிசமாகக் கூடும். இந்தத் துணிச்சலான கழிவைத் தாங்கும் அளவுக்கு மூலங்கள் மிஞ்சுவதே இத்தொகுப்பின் தனிப்பெருமை.

சிறு கோண அளவுகளில் இன்னொரு எல்லை உண்டு. 18 வில்விநாடிக் கற்றைக்குள் இரண்டு மூலங்கள் இருந்தால் அவை ஒன்றாகவே பதிவாகும், 500 மைக்ரானில் கற்றை 36 வில்விநாடியாக விரிவதால் நிலைமை இன்னும் கடினம். தனிக் கேலக்ஸியின் வலுவான வில்லை விளைவு மேலோங்கும் சில பத்து வில்விநாடிகளுக்குள் ஒட்டுறவு வளைவின் வடிவத்தை மாதிரிகளோடு பொருத்துவோர், இட விலகலைக் கணக்கில் சேர்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஒரு வில்நிமிடத்திற்கு (60 வில்விநாடி) அப்பால், கேலக்ஸித் தொகுதிகளின் நிறை பேசத் தொடங்கும் இடத்தில், இக்கவலை இல்லை. அங்கே மூன்று புலங்களையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே சிறந்த பிழை மதிப்பீடு என்பது என் கருத்து.

மாற்றுத் தொகுப்புகளும் உள்ளன. ஹெர்ஷலின் மற்றொரு கணக்கெடுப்பான ஹெர்மெஸ் சிறு புலங்களில் மிக ஆழமானது, மூலங்களின் எண்ணிக்கை வளைவின் மங்கலான முனையை ஆராய்வோருக்கு உகந்தது. ஸ்கபா-2 கருவியின் 850 மைக்ரான் பட்டியல்களில் கற்றை சற்றுக் குறுகியது, தொலைவு ஈடும் நிறைவானது, ஆனால் பரப்பு சில சதுர பாகைகளே. அகன்ற பரப்பையும் நம்பகமான முன்னணிச் செம்பெயர்ச்சிகளையும் ஒருசேரத் தருவதில் எச்-அட்லஸின் நடுவரைப் புலங்களுக்கு நான் பயன்படுத்திய வேறெதுவும் ஈடாகவில்லை.

முதுகலை மாணவர்களுக்கும், நிரல் எழுதத் தெரிந்த ஆர்வலர்களுக்கும் இத்தொகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மூலப் பட்டியலையும் காமா செம்பெயர்ச்சிகளையும் வைத்துக்கொண்டு சாதாரண மடிக்கணினியிலேயே ஜோடிகளை எண்ணி ஒட்டுறவைக் கணக்கிட்டுவிடலாம். ஒரே ஒரு விருப்பம் மட்டும் எனக்கு உண்டு. ஒவ்வொரு உறுதியான இணைக்கும் அருகே, சப்மில்லிமீட்டர் நிறம் சுட்டும் தொலைவும் இணையின் நிறமாலைத் தொலைவும் முரண்படுகின்றனவா என்பதைக் காட்டும் ஒரு குறியீட்டுப் பத்தி இருந்திருக்கலாம். அப்பத்தியை நீங்களே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மாலைப் பொழுது வேலைதான். சேர்த்த பிறகு, முரண்படும் வரிகளை நீக்காமல் தனிக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.